வங்கிக்காரர் பணத்தில் கட்டிய அன்பு

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன் அருமையாகப் பேசினார், கைதட்டலும் அள்ளிவிட்டார். நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது, இஎம்ஐ தேதி மட்டும் மறக்காது, எல்லோரும் பேராசையில் ஓடுகிறார்கள், பணம் வந்த இடத்தில் அன்பு நிற்காது, கிராமத்தில்தான் அது இருந்தது என்றார். சரி, அந்தக் காலத்துக்கே போவோம்.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் ஐடா ஸ்கட்டர் என்ற இளம்பெண்ணிடம் வந்து, பிரசவ வலியில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கிறார்கள். அவர் மருத்துவர் இல்லை, அவருடைய அப்பாதான் மருத்துவர். ஆனால் ஆண் கை படக்கூடாதாம்! மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த, அண்ணன் சொல்கிற அதே அன்பான ஊர்க்காலம்தான் அது. அதைப் பார்த்துத்தான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார்.

படித்து முடித்ததும் வேலூரில் ஆஸ்பத்திரி கட்ட யார் பணம் கொடுத்தது? நியூயார்க்கில் ஒரு வங்கிக்காரர், ஷெல் என்று பேர். இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் திறந்த அந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனையின் பெயரில்தான் இன்றைக்கும் நம் வேலூர் ஆரணி ரோட்டில், ஐடா தொடங்கிய சிஎம்சி என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கண் ஆஸ்பத்திரி நிற்கிறது. பணம் வந்த இடத்தில் அன்பு நிற்காது என்ற அண்ணன், கண்ணாடி மாற்ற அங்கேதான் போவார் என்று நினைக்கிறேன்!

(நடுவர் மணியைத் தொடுகிறார், கொஞ்சம் பொறுங்கள் ஐயா.)

வைத்தியத்துக்கு வந்த வெளிமாநிலத்துக்காரர்கள் தங்கும், சிஎம்சி எதிரே உள்ள சந்துகளுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள், பெயர்ப்பலகையில் பாதி வங்காளத்தில் இருக்கும், வாடகை அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும், ரூமுக்கு நாள் கணக்கில் காசு வாங்குவார்கள். சுத்த வியாபாரம்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் கணவனை ஐசியுவில் விட்டுவிட்டு வந்த அசாம்காரப் பெண்ணுக்கு, மொழியே புரியாத ஜார்க்கண்ட் அம்மா தன் சோற்றில் பாதியைத் தள்ளுகிறார் என்றால், அங்கே யாரும் நீ எந்தத் தெரு, எந்த ஆளுங்க என்று கேட்டுவிட்டா தட்டைத் தள்ளுகிறார்கள்? நம் ஊர்களில் அதைக் கேட்ட பிறகுதானே தண்ணீர் சொம்பில் வருமா, கையில் ஊற்றுவார்களா என்று முடிவானது! அந்தப் பழைய நெருக்கத்துக்குத்தான் அண்ணன் இங்கே கண் கலங்கினார்.

அப்புறம் அண்ணன் சொன்ன அந்த ஓட்டம். இருட்டோடு எழுந்து காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவரும், ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு டிபன் பாக்ஸோடு ஓடுகிற அக்காவும் பேராசையிலா ஓடுகிறார்கள்? தங்கச்சி காலேஜ் பீஸும் அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் அந்தச் சம்பளத்தில்தான் இருக்கின்றன. அந்த அக்காவுக்கு அன்பு இல்லை என்று எதிரணியில் யாராவது எழுந்து சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.