ஃபிஜாக் ஊரின் கதவுகள்

நேயர்களுக்கு வணக்கம். வெளியூர் போனால் எல்லாரும் கோபுரம் பார்ப்பார்கள், கடைத்தெரு பார்ப்பார்கள். நான் கதவு பார்ப்பேன். அப்பா தச்சுவேலை செய்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் கதவு நிலையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அதனால் நேர்ந்த ஒரு வேடிக்கையைத்தான் சொல்ல வந்தேன்.

தெற்குப் பிரான்சில் செலே என்று ஒரு சிற்றாறு. அதன் கரையில் ஃபிஜாக். சுமார் 10,000 பேர் வாழும் சின்ன ஊர். ஒன்பதாம் நூற்றாண்டு மடாலயம் ஒன்றைச் சுற்றி வளர்ந்தது. பிறகு வணிகர்கள் கையில் காசு புரண்டது. 12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை அவர்கள் மணற்கல்லில் கட்டிய வீடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன, ஆட்கள் குடியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் கூர்முனை வைத்த அகலமான கல் வளைவுகள். அவை வீட்டு வாசல்கள் அல்ல, கடை வாசல்கள். பக்கத்தில் ஒடுக்கமாக ஒரு சின்னக் கதவு இருக்கும். வீட்டுக்காரர் போய்வர அதுதான். சரக்குக்கு ராஜபாட்டை, மனிதருக்குச் சந்து!

நான் போனது மழைவிட்ட ஒரு காலை. தெருவில் ஈ காக்கை இல்லை. மகள் உடன் வந்தாள். ஒரு பழங்கதவு. பலகைகள் நெடுக்காக நிற்க, மேலே இரும்பு ஆணிக் கொண்டைகள் வரிசை வரிசையாக. பார்த்ததும் கை சும்மா இருக்குமா? நிலையை இரண்டு தட்டு தட்டினேன். நிலை கல் என்பதுகூட அப்போது நினைவில்லை. "அப்பா, என்ன பண்றீங்க!" என்று மகள் பதறுவதற்குள் கதவு திறந்துவிட்டது. வயதான ஓர் அம்மா. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். மகள் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு, இவர் தச்சர் வீட்டுப் பிள்ளை என்று விளக்கினாள். அந்த அம்மா சிரித்துவிட்டு, அப்படியானால் உள்பக்கம் வந்து பாருங்கள் என்றார்.

உள்பக்கம் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வெளியே நெடுக்குப் பலகை, உள்ளே குறுக்குப் பலகை. கதவு இரண்டு அடுக்கு. மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், அதுவும் அகலவாக்கில்தான் அதிகம். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு இழுத்துச் சாத்த வராமல் மல்லுக்கட்டுவது இதனால்தான். ஒரு அடுக்கு முறுக்கிக்கொள்ளப் பார்த்தால் மற்றது பிடித்து நிறுத்தும். இரண்டையும் சேர்த்து ஆணி அடித்து, மறுபக்கம் நீட்டிக்கொண்டு வரும் முனையை மடக்கி மரத்துக்குள்ளேயே அறைந்துவிடுவார்கள். ஆக, வெளியே தெரியும் கொண்டைகள் வெறும் அலங்காரம் இல்லை. கதவைக் கதவாக வைத்திருப்பதே அவைதான். அந்தக் கதவில் ஒரே ஒரு முனை மட்டும் எழும்பி நின்றது. வருடாவருடம் அதில் ஒரு கம்பளிச் சட்டை மாட்டிக் கிழிகிறதாம். ஏன் அடித்து உள்ளே தள்ளவில்லை என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார்.

கிளம்பும்போது நிலைக்கல்லின் அடிப்பக்கத்தைக் காட்டினார். முன்பு அங்கே இருந்தவர் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார். சிமெண்ட் அப்படியே கல்லுக்குண்டாக இருக்கிறது. அதை ஒட்டிய மணற்கல்தான் குழிவிழுந்து போயிருக்கிறது. விரலால் தடவினேன், சர்க்கரை மாதிரி உதிர்ந்தது. சுவருக்குள் ஏறும் ஈரம் சிமெண்ட் வழியே வெளியே போக முடியாமல், பக்கத்துக் கல் வழியே உப்போடு வெளியேறுகிறது. உப்பு படிகமாகும்போது கல் பொடிகிறது. சுண்ணாம்புச் சாந்து என்றால் ஈரத்தை விட்டுவிடும், உதிர்ந்தாலும் தான்தான் உதிரும். பழைய வீடு வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் இதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பழங்கல்லுக்குச் சிமெண்ட் ஆகாது, ஆகவே ஆகாது.

அப்புறம், கதவுக்கு வரி போட்ட கதை. 1798இல் பிரான்சில் கதவு, ஜன்னல்களை எண்ணி வரி வாங்கத் தொடங்கினார்கள். வண்டி நுழையும் பெரிய கதவுக்குக் கூடுதல் வரி. வீட்டுக்குள் வராமலே தெருவில் நின்று எண்ணிவிடலாம், அதிகாரிக்கு என்ன வசதி! மக்கள் ஜன்னலை அடைத்தார்கள், வெளிச்சத்தையும் காற்றையும் இழந்தார்கள். 1926இல்தான் அந்த வரி போனது. ஆனால் பழைய வீட்டில் அடைத்த ஜன்னல் எதைக் கண்டாலும் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் வரியால் அடைத்தது இல்லை.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷாம்போலியோன் 1790இல் பிறந்த ஊர் இது. அவர் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அருகே ஒரு முற்றத்தின் தரை முழுக்க, அந்த எழுத்தைப் படிக்க அவருக்கு உதவிய ரொசெட்டா கல்வெட்டைப் பெரிதாக்கிக் கருங்கல்லில் பதித்திருக்கிறார்கள். அதன் மேல் நடக்கலாம். வீடுகளின் உச்சியில் சுவரில்லாமல் தூண்களோடு திறந்த மாடம் ஒன்று இருக்கும், துணியும் தோலும் பழமும் உலர்த்த. அதைப் பற்றித்தான் நிறையக் குறித்து வந்திருந்தேன். நேரமில்லை. நன்றி, வணக்கம்.