2027-க்குப் பிறகு பிரிட்டனில் கார் தயாராகுமா?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு பிரெக்ஸிட்டைப் பற்றி, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறியதைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். கட்சி அரசியல் வேண்டாம், எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மினி கார் ஆக்ஸ்ஃபோர்டில் தயாராகிறது. பிரெக்ஸிட்டுக்கு முன்பு அதன் கிராங்க்ஷாஃப்டை பிரான்ஸில் வார்த்தார்கள். அது கடல் தாண்டி இங்கிலாந்தின் ஹாம்ஸ் ஹாலுக்கு வந்து, கடைசல் வேலை முடிந்து, ஜெர்மனியின் மியூனிக்குக்குப் போய் எஞ்சினில் உட்காரும். அப்புறம் எஞ்சினோடு மறுபடி இங்கிலாந்து, ஆக்ஸ்ஃபோர்டு ஆலைக்கு. மூன்று முறை ஆங்கிலக் கால்வாயைக் கடந்தும் எங்கேயும் சுங்கச் சோதனை கிடையாது. ஸ்விண்டனில் இருந்த ஹோண்டா ஆலைக்கு ஐரோப்பாவிலிருந்து தினம் 350 லாரிகள் வந்தன. தயாரிப்பு லைனில் ஒரு மணி நேரத்துக்கான பாகங்களைத்தான் இருப்பு வைத்திருந்தார்கள். எல்லை இல்லை என்பதை நம்பிக் கட்டிய தொழில் அது.

2016-இல் பிரிட்டனில் 17 லட்சத்துக்கும் மேல் கார்கள் தயாராயின. 2024-இல் 8 லட்சம்கூட இல்லை. பழி முழுவதையும் பிரெக்ஸிட் மேல் போட முடியாது. டீசல் வண்டிகளுக்கு மவுசு போனது, கொரோனா வந்தது, சிப் தட்டுப்பாடு வந்தது. 2021-இல் ஸ்விண்டனை மூடிய ஹோண்டாவும் காரணம் பிரெக்ஸிட் இல்லை என்றுதான் சொன்னது. ஆனால் வாக்கெடுப்பு நடந்த 2016 ஜூனிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தோடு வர்த்தக ஒப்பந்தம் முடிவான 2020 டிசம்பர் 24 வரை, நாளைக்கு வரி உண்டா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. ஒரு புது மாடலை எந்த ஆலையில் செய்வது என்பதை நிறுவனங்கள் பல வருஷம் முன்னாடியே முடிவு செய்துவிடும். அந்த நாலரை வருஷத்தில் பிரிட்டனுக்கு வராமல் போன முதலீட்டைத்தான் இப்போது காலி லைன்களாகப் பார்க்கிறோம் என்பது என் கணிப்பு.

நிசான் ஆலை இருக்கும் சண்டர்லாந்தில் 61% பேர் வெளியேறத்தான் வாக்களித்தார்கள். "அனுபவிக்கட்டும்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கப்பல் கட்டும் தளமும் நிலக்கரிச் சுரங்கமும் மூடிப்போன ஊர் அது. 1986-இல் வந்த நிசானை நம்பி ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது.

சரி, இனி என்ன? அந்த ஒப்பந்தப்படி இரு பக்கமும் இறக்குமதி வரி இல்லை, ஆனால் நிபந்தனை உண்டு. 2027 முதல், மின்சாரக் காரின் மதிப்பில் குறைந்தது 55% பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உருவாகியிருக்க வேண்டும்; பேட்டரியும் அங்கேயே தயாராகியிருக்க வேண்டும். இல்லையென்றால் 10% வரி. 2024-லேயே விதி இறுகியிருக்க வேண்டியது, மூன்று வருஷம் தள்ளி வைத்தார்கள். பேட்டரி ஆலைகள் தயாராக இல்லை என்பதுதான் காரணம். வடகிழக்கு இங்கிலாந்தின் பிளைத்தில் பேட்டரி ஆலை கட்டப்போவதாகப் பிரம்மாண்டமாக அறிவித்த பிரிட்டிஷ்வோல்ட் 2023 ஜனவரியில் திவாலானது. இப்போதைய நம்பிக்கை, நிசானுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஏ.இ.எஸ்.சி. பேட்டரி ஆலையும், பிரிட்ஜ்வாட்டரில் டாடா 400 கோடி பவுண்டில் கட்டும் ஆலையும்தான்.

டாடாதான் ஜாகுவார் லேண்ட் ரோவரின் உரிமையாளர். அதன் டிஃபெண்டர் வண்டி இப்போது ஸ்லோவாக்கியாவின் நித்ராவில் தயாராகிறது. நம் ராணிப்பேட்டையில் டாடாவின் பனப்பாக்கம் ஆலையிலும் ஜே.எல்.ஆர். வண்டிகள் வரும் என்று 2024-இல் அடிக்கல் நாட்டும்போதே சொன்னார்கள். நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இங்கிலாந்தில் ஜே.எல்.ஆரின் சோலிஹல் ஆலைத் தொழிலாளியின் இடத்தில் நின்று பாருங்கள்: முதலாளிக்குப் போக வேறு இடங்கள் இருக்கின்றன, அவருக்கு இல்லை. லூட்டனில் 1905-லிருந்து இருந்த வாக்ஸ்ஹால் ஆலை 2025 மார்ச்சில் மூடியபோது 1,100 வேலைகள் ஆபத்தில் விழுந்தன.

என்னைக் கேட்டால், பேட்டரி ஆலைகள் முழு வேகத்தில் ஓடும்வரை லண்டனும் பிரஸ்ஸல்ஸும் அந்த விதியை இன்னொரு முறை தள்ளி வைக்க வேண்டும். வரி விழுந்தால் அடி இரண்டு பக்கமும்தான். ஜெர்மன் கார்களுக்கும் பிரிட்டன் பெரிய சந்தை.

சண்டர்லாந்திலோ சோலிஹல்லிலோ வேலை பார்க்கும் தமிழர்கள் யாராவது இதைப் பார்த்தால், உங்கள் ஆலையில் ஷிப்ட் நிலவரம் எப்படி என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோ பிரிட்ஜ்வாட்டர் ஆலையைப் பற்றி.