கை கடைசியில்தான் வருகிறது

வணக்கம் நேயர்களே.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் சிலர், "ஜிம்மில் அந்தப் படகு மிஷினை இழுத்தேன் சார்" என்பார்கள். இழுத்தேன் என்ற சொல்லிலேயே பாதி காரணம் தெரிந்துவிடும். கையால் இழுத்திருப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாம் பார்த்து வளர்ந்த படகில் உட்காரும் பலகை அசையாது. காலை ஊன்றிக்கொண்டு முதுகாலும் கையாலும்தான் தண்டு வலிக்க வேண்டும். பந்தயப் படகில் இருக்கைக்கு அடியில் சக்கரம் உண்டு, அது முன்னும் பின்னும் ஓடும். தேம்ஸ் நதியில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் பந்தயத்துக்கு 1873இல் இந்த நகரும் இருக்கை வந்தது. இருக்கை நகர ஆரம்பித்ததும் படகு வலிப்பது முக்கியமாகக் காலின் வேலையாகிவிட்டது. முழங்காலை மடக்கிக் குந்தினாற்போல் முன்னே வர வேண்டும். காலால் உதைக்க வேண்டும். கால் நீண்ட பிறகு முதுகு சாயும், எல்லாம் முடிந்தபின் கை மடங்கும். பத்தில் ஆறு பங்கு கால், மூன்று பங்கு இடுப்பும் முதுகும், ஒரு பங்கு கை என்று பயிற்சியாளர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அளந்து எடுத்த கணக்கு இல்லை, மனதில் நிற்பதற்காகச் சொல்வது.

சரி, கை கடைசியில் வருகிற இன்னொரு விளையாட்டைப் பார்க்கப் பனிக்கு வருவோம். பனிச்சறுக்கு என்றதும் மலை உச்சியிலிருந்து சரிந்து வருவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் சொல்வது நார்வே, ஸ்வீடன் பக்கம் சமவெளியிலும் மேட்டிலும் கிலோமீட்டர் கணக்கில் போகிற நெடுந்தூரப் பனிச்சறுக்கு. அதில் இரண்டு கோல்களையும் ஒரே சமயத்தில் பனியில் குத்தித் தள்ளுகிற ஒரு முறை இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் முழுக்கக் கைவேலைதான். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறு கதை. சறுக்குகிறவர் குதிகாலைத் தூக்கி நிமிர்கிறார், உடம்பின் எடையைக் கோல்களின் மேல் போடுகிறார், வயிற்றை இறுக்கிக்கொண்டு மடங்குகிறார். அதுவரை முழங்கை வளைந்தபடியே நிற்கிறது. தொடையைத் தாண்டிய பிறகுதான் கை பின்னால் நீள்கிறது. அப்புறம் மறுபடி நிமிர வேண்டுமே, அதற்குக் கால்தான் உழைக்கிறது.

ஆக, இரண்டிலும் கை ஒரு கயிறு மாதிரி. பெரிய தசைகள் உண்டாக்கும் விசையைத் துடுப்புக்கோ கோலுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. படகில் உடல் விரியும்போது விசை பிறக்கிறது, கோலில் மடங்கும்போது. அதனால் தொடை, பிட்டம், நடுமுதுகு எல்லாம் படகில் களைத்துப்போகும். வயிறும் புஜத்தின் பின்பக்கமும் கோலில் களைத்துப்போகும்.

இதயத்துக்கு மட்டும் இரண்டுமே ஒரே சோதனை. காலும் கையும் சேர்ந்து கடுமையாக உழைத்தால் இரண்டுக்கும் போதுமான ரத்தம் அனுப்ப இதயம் திணறும். டென்மார்க்கின் நீல்ஸ் செக்கரும் சக ஆய்வாளர்களும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், உழைத்துக்கொண்டிருக்கும் காலோடு கை உழைப்பும் சேர்ந்தபோது காலுக்குப் போகும் ரத்தம் குறைந்தது தெரிந்தது. மதகு ஒன்று, வயல் இரண்டு. இப்படிப் பழகிய இதயம் எவ்வளவு தூரம் வளரும் என்பதற்கு நார்வேயின் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர் பியார்ன் டேலியைச் சொல்வார்கள். 1992க்கும் 1998க்கும் இடையில் எட்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு குடும்பம் இந்த இரண்டு விளையாட்டிலும் ஊறியது. டிக் டிரைசிகாக்கர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் படகு வலித்தவர். அவரும் தம்பி பீட்டரும் 1981இல் சைக்கிள் சக்கரத்தை வைத்து ஒரு படகுப் பயிற்சி இயந்திரம் செய்தார்கள். கான்செப்ட்2 என்ற பெயரில் இன்று ஜிம்களில் நிற்கும் இயந்திரத்தின் ஆரம்பம் அதுதான். 2009இல் அதே நிறுவனம் கோல் தள்ளும் இயந்திரத்தையும் கொண்டுவந்தது. டிக்கின் மனைவி ஜூடி கீரும் ஒலிம்பிக்கில் படகு வலித்தவர். மகள்கள் ஹன்னாவும் எமிலியும் என்ன ஆனார்கள் தெரியுமா? பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லானில், ஒருவர் 2014இலும் மற்றவர் 2018இலும் ஒலிம்பிக் போனார்கள்.

இப்போது உங்கள் ஜிம்முக்கு வருவோம். அந்த இயந்திரங்களின் பக்கவாட்டில் ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட ஒரு நெம்புகோல் இருக்கும். இளைஞர்கள் வந்ததும் வராததுமாக அதைப் பத்தில் வைத்துவிடுவார்கள். அது எடைக்கல் அல்ல, இயந்திரத்தில் சுழலும் விசிறிக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்று திறந்துவிடும் கதவு. பத்தில் வைத்தால் கனமான படகை ஓட்டுவது போல, அவ்வளவுதான். நான்கில் வைத்தாலும் வேகமாக உதைத்தால் நாக்குத் தள்ளும். என் நோயாளிகளை மூன்று, நான்கில்தான் தொடங்கச் சொல்வேன். நிமிடத்துக்கு இருபது முறை தண்டு வலிப்பது, பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிற வேகம், பத்து நிமிடம். இடுப்பில் ஏற்கெனவே வலி இருப்பவர்கள் மட்டும் முதலில் யாரிடமாவது காட்டிவிட்டு உட்காருங்கள். படகு வலிப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை கீழ்முதுகு வலிதான்.

மறுநாள் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். தொடையில் என்றால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். தோள்பட்டையில் மட்டும் என்றால் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். நன்றி, வணக்கம்.