கதையோடு வரும் நிபந்தனை

வணக்கம். தொழில் நடத்துகிறவர்களும் நடத்தப்போகிறவர்களும் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். பழங்குடிகளின் அறிவிலிருந்தும் கதைகளிலிருந்தும் நேர்மையான தொழிலுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று பேசச் சொன்னார்கள். 'எடுத்துக்கொள்ளலாம்' என்ற சொல்லே என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

1987இல் அகத்தியமலைக் காட்டில் ஒரு தாவர ஆய்வுக் குழு ஏறிக்கொண்டிருந்தது. வழிகாட்ட வந்தவர்கள் அந்த மலையில் வாழும் பழங்குடிகளான காணிக்காரர்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குகிறது. காணி இளைஞர்களோ சிறிய காய் எதையோ மென்றபடி களைப்பில்லாமல் நடக்கிறார்கள். குழுவினர் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தார்கள், அவர்களுக்கும் தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டால் பதில் இல்லை. வெளியாட்களுக்குச் சொல்லக்கூடாத விஷயம் அது. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்பது அதன் பெயர்.

கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய ஃபார்மஸிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு லைசென்ஸ் தரப்பட்டது, விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. வரும் பணத்தில் பாதி காணிக்காரர்களுக்கு என்று பூங்காவே முடிவெடுத்தது. 1997இல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவானது. அன்றைக்கு அப்படிப் பங்கு கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் காணிக்காரர்களின் வைத்தியர்களான பிலாத்திகளில் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மருந்தறிவைக் காத்து, யாருக்குச் சொல்லலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. மருந்துக்குத் தேவையான இலைக்குச் சந்தை வந்ததும் காட்டில் செடியைக் கண்டபடி பறிக்கும் நிலை வந்தது, வனத்துறை தடுத்தது. பணம் சரியாகப் பிரிந்தும் மனக்குறை தீரவில்லை. நல்லவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்த காரியத்திலேயே இப்படி என்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

நான் சொல்ல வந்தது இதுதான். பழங்குடிச் சமூகத்தில் ஓர் அறிவு தனியாக வருவதில்லை. யார் சொல்லலாம், எப்போது பறிக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் கூடவே வரும். அந்த நிபந்தனைகளைச் சுமந்து வருவதுதான் கதை. நாம் கதையை லேபிளில் அச்சடித்துவிட்டு நிபந்தனையைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

நிபந்தனையோடு சேர்த்துக் கதையை வைத்துக்கொண்டால் தொழில் நடக்குமா? நடக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மெனோமினி பழங்குடி மக்களுக்கு 1850களின் ஒப்பந்தங்களுக்குப் பிறகு மிஞ்சிய நிலம் சுமார் 2,35,000 ஏக்கர், பெரும்பகுதி காடு. அவர்களுடைய தலைவர் ஆஷ்கோஷ் சொன்னதாக ஒரு வாக்கு வழிவழியாக வருகிறது: சூரியன் உதிக்கும் பக்கத்திலிருந்து மறையும் பக்கம் வரை வெட்டிக்கொண்டு போ, முதிர்ந்தது, நோய் கண்டது, விழுந்தது மட்டும் எடு, எல்லை வந்ததும் திரும்பி, மறையும் பக்கத்திலிருந்து உதிக்கும் பக்கம் வரை வெட்டிக்கொண்டு வா, மரம் தீராது.

கேட்க ஏதோ பழமொழி மாதிரி இருக்கிறது, இல்லையா? அது அவர்களுடைய மர ஆலையின் உற்பத்தித் திட்டம். 1908 முதல் அவர்களுக்கு மரம் அறுக்கும் ஆலை இருக்கிறது. ஆர்டர் எவ்வளவு என்று பார்த்து மரத்தில் கை வைப்பதில்லை, இந்த வருடம் காடு எவ்வளவு தரும் என்று பார்த்து ஆலையை ஓட்டுகிறார்கள். இதுவரை 200 கோடி போர்டு அடிக்கு மேல் மரம் எடுத்திருக்கிறார்கள் (ஒரு போர்டு அடி என்பது ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குலக் கனமுள்ள பலகை). அப்படியும் 1854இல் நின்றதைவிட இன்று காட்டில் அதிக மரம் நிற்கிறது. நடுவில் சோதனையும் வந்தது. 1954இல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு அவர்களுடைய பழங்குடி அங்கீகாரத்தையே ரத்து செய்தது. வரி கட்டப் பணமில்லாமல் ஏரிக்கரை மனைகளை விற்க நேர்ந்தது. போராடி 1973இல் அங்கீகாரத்தைத் திரும்ப வாங்கினார்கள். அந்தக் கஷ்டத்திலும் காட்டை மொட்டையடித்துக் காசாக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

சரி, 'சட்டப்படிதானே செய்கிறோம்' என்று கேட்பீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகான் பள்ளத்தாக்கில் 2014இல் மனிதத் தலைமுடியால் பின்னிய ஒரு சிறிய துண்டு கிடைத்தது. 4,000 வருடப் பழமை. மரபணுவைப் பார்த்தால், இன்று அந்தப் பகுதியில் வாழ்கிற மக்களின் முன்னோர்களுடைய முடி. 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்துபோன அந்தப் பாறைக் குகைகளை 2020 மே மாதம் ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத் தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. அனுமதிக் கடிதம் கையில் பத்திரமாக இருந்தது. அப்புறம் தலைமை நிர்வாகி பதவி விலகினார். குகை போனது போனதுதான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்று. ஒரு சமூகத்திடம் போகும்போது, அவர்கள் 'வேண்டாம்' என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளத் தயாராகப் போங்கள். அந்தத் தயார் மனசு இல்லாமல் கேட்கும் சம்மதம் வெறும் கையெழுத்து வேட்டை.

ஒடிசாவின் நியமகிரியில் அப்படிக் கேட்கவைத்தது உச்ச நீதிமன்றம். வேதாந்தா நிறுவனத்தின் ஆலைக்காக அந்த மலையில் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவை வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதிகள் பார்வையாளர்களாக மலைக்குப் போனார்கள். அங்குள்ள பழங்குடி மக்கள் தங்கள் மொழியில் தங்கள் தெய்வமான நியமராஜாவைப் பற்றிச் சொன்னார்கள்: மலை அவருடையது, ஓடையும் மரமும் அவர் தந்தவை. பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே பேச்சு சபைத் தீர்மானங்களில் ஏறியது. 12 ஊர்களில் கூட்டம் நடந்தது, கடைசியாக ஆகஸ்டில் ஜரபாவில். ஓர் ஊர்கூடச் சம்மதிக்கவில்லை. அடுத்த ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்தச் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது.