ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டை முடித்தார்கள்?

(தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்து அரசு மேல்நிலைப்பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர் அம்மாவுக்கும், ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அக்காவுக்கும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிற பெற்றோருக்கும், தரையில் உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கையை எல்லோரும் கேட்டோம். பத்திலும் பன்னிரண்டிலும் தேர்ச்சி விகிதம் ஏறியிருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறியிருக்கிறார்கள். அதில் தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. நம் ஊரில் ஒரு பெண்ணின் படிப்பு நிற்பதா தொடர்வதா என்பதை முடிவு செய்யும் தொகை அது. பறையாட்டக் குழு கலைத் திருவிழாவில் மாவட்ட அளவு வரை போய் வந்திருக்கிறது. இதற்கெல்லாம் உழைத்த ஆசிரியர்களுக்கு இந்த ஊர் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த அறிக்கையில் இன்னொரு எண்ணையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால் இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறார்கள்? அந்த எண்.

ஏன் கேட்கிறேன் என்று ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறேன். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் 100 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழியிலேயே 40 பேர் நின்றுவிட்டார்கள். மீதி 60 பேர் பரீட்சை எழுதி 60 பேரும் தேறினார்கள். அந்தப் பள்ளிக்கு நூற்றுக்கு நூறு தேர்ச்சி, வாசலில் பேனர், கேடயம். பக்கத்துப் பள்ளியிலும் 100 பேர்தான் சேர்ந்தார்கள். அங்கே 95 பேர் கடைசிவரை வந்து எழுதினார்கள், 85 பேர் தேறினார்கள். அதன் தேர்ச்சி விகிதம் 89 சொச்சம். மாவட்டப் பட்டியலில் அது கீழே இருக்கும். ஆனால் அந்தப் பள்ளி 25 பிள்ளைகளைக் கூடுதலாகக் கரையேற்றியிருக்கிறது. உங்கள் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பீர்கள்?

தேர்ச்சி விகிதத்தை மட்டுமே பார்த்து ஒரு பள்ளியை எடைபோட்டால் வேறொரு கெடுதலும் நடக்கும். மெதுவாகப் படிக்கிற பிள்ளை பள்ளிக்குப் பாரமாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே அப்பாவைக் கூப்பிட்டு, “பையனுக்குப் படிப்பு வரலீங்க, டி.சி. வாங்கிக்கிட்டு ஏதாவது வேலை கத்துக்கச் சொல்லுங்க” என்று பக்குவமாகப் பேசி அனுப்புகிற வழக்கம் நாட்டில் பல பள்ளிகளில் உண்டு. இங்கே தலைமையாசிரியர் அம்மா அதற்கு இடம் கொடுப்பதில்லை. அதற்காகவே அவர்களுக்கு இன்னொரு முறை கைதட்டலாம்.

பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாத விஷயமில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து ரிசல்ட் வருவதற்குள் பையன்கள் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போய்விடுகிறார்கள். கையில் காசு பார்த்த பையனைத் திரும்பப் பெஞ்சில் உட்காரவைப்பது லேசான வேலையில்லை. பெண் பிள்ளைகளுக்கு அதே கோடை விடுமுறையில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பதினெட்டு வயதுக்கு முன்னால் கல்யாணம் செய்துவைப்பது குற்றம், 1098-க்கு ஒரு போன் போனால் அதிகாரிகள் வந்து நிற்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நடக்கிறது. அப்புறம், வேலைக்குப் போகும்போது குடும்பத்தோடு போய்விடுகிறவர்கள். அந்தப் பிள்ளைகள் பள்ளியை விடவில்லை, பள்ளிதான் அவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது.

இதைப் பற்றி அரசாங்கம் யோசிக்காமல் இல்லை. 1978-இல் பிளஸ் டூ வந்தபோது மேல்நிலைப்பள்ளிகள் தூரத்தில் இருந்தன. பெண் பிள்ளைகள் உள்ளூர் உயர்நிலைப்பள்ளியோடு நின்றுபோனார்கள். அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு எல்லோருக்கும் கொடுத்தார்கள். 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்பு வரையாவது படித்த பெண்ணுக்குத்தான் பணம் என்றது. பின்னால் அதைப் பத்தாம் வகுப்பு என்று உயர்த்தினார்கள். 2022-இல் அந்தத் திட்டமே புதுமைப் பெண் என்று மாறி, கல்யாணத்துக்குப் போன பணம் படிப்புக்கு வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு என்கிற நிபந்தனைதான். நடுவில் இரண்டு வருடம் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் போட்டு, பிறகு திரும்பக் கூட்டி வந்த பெற்றோர் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அந்த இரண்டு வருடத்தால் பிள்ளையின் உரிமை போய்விடுகிறது. இதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதினோராம் வகுப்புக்கு 2017-18-இல் கொண்டுவந்த பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டு முதல் எடுத்துவிட்டார்கள். வரிசையாக மூன்று வருடம் பொதுத்தேர்வு என்று பயந்து பத்தோடு நின்ற பிள்ளைகளின் வீட்டுக்கு இந்தச் செய்தியோடு நாம் போகலாம்.

சரி, நம் பள்ளியின் திட்டத்துக்கு வருகிறேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுக்கிறது. மேலே இருந்து யாரோ எழுதி அனுப்புவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். மூன்று வருடத்துக்கான திட்டமாக, வருடம் வருடமாகப் பிரித்து, நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான் பேசுகிறது. நம் குழு பிளஸ் டூ வரை மொத்தப் பள்ளிக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறது. 2024-இல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அப்படித்தான் நானும் உள்ளே வந்தேன்.

திட்டத்தில் முதல் இடம் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்கு. புதுக் கட்டடம் வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும், நுழைவாயில் வளைவு வேண்டும் என்று பலரும் கேட்டீர்கள். எல்லாம் பட்டியலில் இருக்கிறது. ஆனால் தண்ணீர் வராத கழிப்பறையால் மாதத்தில் மூன்று நான்கு நாள் வீட்டில் தங்கிவிடுகிற பெண்ணுக்குப் பாடம் விட்டுப்போகிறது. விட்டுப்போன பாடம் புரியாமல் பரீட்சையில் மார்க் குறைகிறது. குறைந்த மார்க்கைக் காட்டி வீட்டில் படிப்பை நிறுத்துகிறார்கள். அதனால் தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் குழாயும் முதலில். இதைக் குழுவில் அழுத்திச் சொன்னவர்கள் அம்மாக்கள்தான். ஆண்களுக்கு இது தோன்றவே இல்லை.

இரண்டாவது, பஸ். சாயங்காலச் சிறப்பு வகுப்பு முடிகிற நேரமும் மலையடிவாரக் கிராமங்களுக்குக் கடைசி பஸ் கிளம்புகிற நேரமும் ஒத்துப்போகவில்லை. பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளிவிட முடியுமா என்று போக்குவரத்துக் கழகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். கிராமசபையில் ஒரு தீர்மானமும் போட்டுச் சேர்த்தால் மனுவுக்குக் கனம் கூடும். வார்டு உறுப்பினர்கள் அடுத்த கிராமசபையில் மறக்காமல் கொண்டுவர வேண்டும்.

ஆய்வகம், விளையாட்டுத் திடலைச் சமன் செய்வது, வகுப்பறைக் கூரை இதெல்லாம் அடுத்த இரண்டு வருடத்தில். பணம் முழுவதும் அரசாங்கத்திடமிருந்தே வந்துவிடும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ இணையதளம் வழியாக வெளியூரில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் நேரடியாக இந்தப் பள்ளியின் பெயருக்கே கொடுக்கலாம்.

இதுவும் புதிதில்லை. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958-இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பிறகு மாவட்டம் மாவட்டமாக நடந்தது. ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து, எங்கள் பள்ளிக்கு இது இது இல்லை என்று பட்டியல் போடுவார்கள். யார் எதைக் கொடுப்பது என்று ஊரே பிரித்துக்கொள்ளும். ஒருவர் நிலம், ஒருவர் பெஞ்சு, ஒருவர் கரும்பலகை, ஒருவர் சுவர்க் கடிகாரம். கையில் ஒன்றும் இல்லாதவர் உடலுழைப்பைக் கொடுத்தார். அரைவயிறு சாப்பிட்ட காலத்தில் நம் தாத்தா பாட்டிகள் இதைச் செய்தார்கள். இன்றைக்கு நம்மால் ஏன் முடியாது?

இனி மாணவர்களைப் பற்றி. இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

விளையாட்டு, ஆட்டம், பாட்டு எல்லாம் படிப்பைக் கெடுக்கும் என்று நினைக்கிற பெற்றோர் இங்கே இருக்கிறீர்கள். பரீட்சை நெருங்கினால் பி.இ.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிற ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். இந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாரத்தில் பாதி நாள் வரமாட்டான். ஆடு மேய்ப்பான், இல்லையென்றால் ஏரிக்கரையில் இருப்பான். பறையாட்டக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது யாரோ அவனைச் சேர்த்துவிட்டார்கள். ஒத்திகை பள்ளிக்கூட நேரம் முடிந்த பிறகுதான், ஆனால் அன்றைக்கு வகுப்புக்கு வந்திருந்தால்தான் ஒத்திகையில் நிற்கலாம் என்று உடற்கல்வி ஆசிரியர் ஒரு விதி வைத்தார். பறைக்காக வர ஆரம்பித்தவன் நாளடைவில் வகுப்புக்கும் பழகிப்போனான். இப்போது அவன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிறான். கணக்கு இன்னும் தடுமாற்றம்தான். அதற்காக என்ன? அவன் உள்ளே இருக்கிறான். உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பறை ஒரு காலத்தில் ஊரின் ஒரு பகுதிக்காரர்கள் கையில் மட்டும் இருந்தது, அதை வைத்தே அவர்களைத் தள்ளிவைத்தார்கள். இன்று இந்தக் குழுவில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று அடிக்கிறார்கள். இந்தப் பள்ளியின் சாதனைகளில் நான் முதலில் எழுதுவது இதைத்தான்.

‘மகிழ் முற்றம்’ என்று 2024-இல் பள்ளிகளில் வந்ததே, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழு, அதையும் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஆறாம் வகுப்புக் குழந்தையும் பன்னிரண்டாம் வகுப்பு அக்காவும் ஒரே குழுவில் வருகிறார்கள். ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால், ஆசிரியருக்கு முன்னால் அந்தக் குழுப் பிள்ளைகளுக்குத்தான் காரணம் தெரியும். மாணவத் தலைவர்களே, உங்களிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் குழுவில் யாராவது தொடர்ந்து வரவில்லையா? வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். யாருக்காவது வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறதா? அதையும் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது.

நூலகப் பீரியடும், வானவில் மன்றத்தின் அறிவியல் சோதனைகளும், ஆறு முதல் ஒன்பது வரை பிள்ளைகளுக்கு வருகிற ‘தேன்சிட்டு’ இதழும் பெட்டிக்குள்ளும் அலமாரிக்குள்ளும் பூட்டி வைக்கிற பொருள்கள் இல்லை. இதழ் வந்த அன்றே பிள்ளைகள் கைக்குப் போகட்டும், கிழிந்தால் கிழியட்டும். அடுத்து பதினோராம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் அங்கே எழுத வேண்டிய தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வுக்கு இப்போதிருந்தே தயாராகலாம். மாநிலம் முழுவதும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு வருடம் கொடுக்கிறார்கள், அதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளையால் எழுத முடியும்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். பத்தில் ஒரு பாடம் போனால் வாழ்க்கை போய்விடாது. ரிசல்ட் வந்த கையோடு துணைத் தேர்வு வைக்கிறார்கள், எழுதினால் அந்த வருடமே பிளஸ் ஒன்னில் சேரலாம். பிளஸ் ஒன் வேண்டாம் என்றால் ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே போகிற பிள்ளையை நாம் நின்றுபோன கணக்கில் சேர்க்கப் போவதில்லை, தொடர்ந்தவன் என்றுதான் எழுதுவோம். சும்மா இருக்க விடாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முந்தைய ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வைப்பதாகத் தலைமையாசிரியர் அம்மா சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்கிற கல்வித்துறைக் கணினிப் பதிவில் ஒரு எண் இருக்கிறது, ஆனால் டி.சி. வாங்கிப் போன பிள்ளை இப்போது எந்த ஊரில் என்ன செய்கிறது என்று கம்ப்யூட்டர் முழுதாகச் சொல்லாது. அந்தந்தத் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். அதனால் தெருவுக்கு ஒருவராவது வாருங்கள். பெயர் பெயராக வாசித்து, யார் எங்கே என்று எழுதி முடிப்போம். பதினெட்டு வயது தாண்டியவர்களைக் கல்லூரிக்கோ ஐ.டி.ஐ.க்கோ அனுப்ப ‘உயர்வுக்குப் படி’ முகாம் இருக்கிறது. பள்ளி வயதில் இருப்பவர்களை ஜூனில் திரும்பச் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. குழுத் தலைவி அக்கா டீ ஏற்பாடு செய்கிறார்கள். நோட்டும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன். நன்றி, வணக்கம்.