படகில் வந்த குச்சி: காரிஃபுனா மக்களும் கிழங்கு ரொட்டியும்

அவையோர்க்கு வணக்கம்.

பெலீஸ், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகராகுவா என நான்கு நாடுகளின் கரீபியன் கடலோரத்தில் காரிஃபுனா மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்க வழி வந்தவர்கள். பேசுவதோ தென் அமெரிக்கப் பழங்குடிகளின் அரவாக் குடும்பத்து மொழி. அபான், பியாமா, உருவா என்று மூன்றுவரை எண்ணுவார்கள். நான்குக்கு வந்ததும் காதுரு, ஐந்துக்கு செயிங்கு. பின்னவை இரண்டும் பிரெஞ்சு. ஒரு கை விரல்களை மடக்கி முடிப்பதற்குள் இரண்டு கண்டங்கள் வந்துவிடுகின்றன!

இவர்கள் உருவான இடம் செயின்ட் வின்சென்ட் தீவு. அடிமைக் கப்பல் உடைந்து கரையேறியவர்கள், பார்படோஸ் தோட்டங்களிலிருந்து தப்பி வந்தவர்கள் என்று ஆப்பிரிக்கர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே பூர்வகுடிகளோடு கலந்தார்கள். கரும்பு போட நிலம் தேடிய ஆங்கிலேயரோடு இரண்டு போர் நடந்தது. 1795 மார்ச்சில் தலைவர் சத்தூயே கொல்லப்பட்டார். சரணடைந்த 4,000க்கும் மேற்பட்டோரை பாலிசோ என்ற வறண்ட தீவில் அடைத்தார்கள். நோயில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டார்கள். மிஞ்சியவர்களை நிறம் பார்த்துப் பிரித்தார்கள். வெளுத்தவர் ஊர் திரும்பலாம், கறுத்தவர் கப்பலேற வேண்டும். 1797 ஏப்ரலில் ஹோண்டுராஸ் அருகே ரொவத்தான் தீவில் உயிரோடு இறங்கியவர்கள் 2,000 பேர் சொச்சம்.

நிறத்தைப் பிரித்தார்கள், சரி. அடுப்படியை எப்படிப் பிரிப்பது? அந்த மக்களின் ரொட்டியான 'எரெபா'வைப் பாருங்கள்.

இதற்கு வேண்டியது கசப்பு மரவள்ளி. சும்மா வேகவைத்துத் தின்றால் ஆளைக் கொல்லக்கூடிய இனம். கிழங்கின் செல் உடைந்ததும் அதிலுள்ள நொதி வேலைசெய்து சயனைடு பிரியும். அது நீரில் கரையும், சூட்டில் பறக்கும். ஆகவே துருவு, பிழி, சுடு: இந்த மூன்றில் எதையும் தாண்ட முடியாது.

தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாள் கிடந்தால் உள்ளே நீலக்கோடு ஓடிவிடும். அதனால் உடனே தோல் சீவி, கழுவி, 'எகி' என்னும் பலகையில் துருவுகிறார்கள். மகோகனிப் பலகையில் கூரிய சிறு கற்களை நெருக்கமாகப் பதித்தது அது. துருவல் நைஸாக இருந்தால்தான் செல்கள் முழுக்க உடையும். கட்டி கட்டியாக விட்டால் நஞ்சு உள்ளேயே தங்கும். இப்போது பல ஊர்களில் மோட்டார் துருவி வந்துவிட்டது, தோள்வலி மிச்சம்.

பிழிவதுதான் எனக்கு வியப்பு. 'ருகுமா' என்பது ஆளுயரத்தை மிஞ்சும் பின்னல் குழாய், பாம்புச் சட்டை மாதிரி. துருவலைத் திணித்து மேல்நுனியை விட்டத்தில் மாட்டி, கீழ்நுனியில் பாரம் ஏற்றுவார்கள். இழுபட இழுபட குழாய் நீண்டு ஒடுங்கும், சாறு வடியும். சாறு நஞ்சுதான், ஆனாலும் கொட்டிவிடுவதில்லை. அடியில் படியும் மாவு துணிக்குக் கஞ்சி போட ஆகும்.

பிழிந்த மாவைச் சல்லடையில் சலித்துத் திப்பியை நீக்கி, அகன்ற இரும்புக் கல்லில் வட்டமாகப் பரப்புகிறார்கள். எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை. மாவிலுள்ள கொஞ்சநஞ்ச ஈரத்தில் ஸ்டார்ச் வெந்து ஒட்டிக்கொள்வதே பக்குவம். ஈரம் மிஞ்சினால் ரொட்டி சவசவவென்றாகி வைத்திருக்கையில் பூசணம் பிடிக்கும். ஒட்டக் காய்ந்திருந்தால் திருப்பும்போதே உதிரும். தீ கூடினால் அடி கருகி நடு பச்சையாக நிற்கும். பலகையால் அழுத்தி, ஓரத்தைத் துடைப்பத்தால் ஒதுக்கி, ஒருமுறை திருப்பினால் ஆயிற்று. நன்றாகக் காய்ந்த ரொட்டி மாதக்கணக்கில் கெடாது. கடலோடிகளுக்கு வேறென்ன வேண்டும்?

எகியும் ருகுமாவும் பழங்குடிகளின் கருவிகள். அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பது ஆப்பிரிக்க வழிவந்த கைகள். இந்த மக்களிடம் ஆப்பிரிக்கா எத்தனை பங்கு என்று எடைபோட முனைவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேளமும் அப்படித்தான். 'செகுண்டா' என்னும் மேளம் தாளத்தைப் பிடித்து நிற்க, 'பிரிமேரோ' என்னும் மேளம் ஆடுபவரின் காலைப் பார்த்து அடிக்கும். முழங்காலில் சிப்பி கட்டி ஆடும் வனராகுவா ஆட்டத்தில் ஆட்டக்காரர்தான் மேளக்காரரை நடத்துகிறார். மொழி, ஆட்டம், இசை மூன்றையும் யுனெஸ்கோ 2001இல் மானுட மரபாக அறிவித்தது.

இவர்கள் பெலீஸில் வந்திறங்கியதை நினைவுகூர தாமஸ் வின்சென்ட் ராமோஸ் அங்கே 1941இல் தொடங்கிய குடியேற்ற நாள் நவம்பர் 19 அன்று வரும். விடியலில் கடலிலிருந்து படகுகள் மேளத்தோடு கரைக்கு வரும். படகில் மரவள்ளிக் குச்சி இருக்கும். கிழங்கை நட்டுப் பயிர் செய்வதில்லை. சாண் நீளக் குச்சியை ஈர மண்ணில் ஊன்றினால் போதும், கணுவில் துளிர்க்கும்.