அவர்கள் ஏன் இன்னும் கூப்பிடவில்லை?

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் ஐயா அவர்களே, வார்டு உறுப்பினர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத்துப் பெரியவர்களே, ஒலிபெருக்கியைக் காசு வாங்காமல் கொடுத்து உதவிய தம்பி அவர்களே, நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். ஊராட்சித் தலைவருக்கு வேறு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஆனாலும் என் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் இருப்பது இன்று எனக்கு ரொம்ப முக்கியம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நூலகர் ஐயா எனக்குக் கொடுத்த தலைப்பு, வேற்றுக்கிரக நாகரிகங்கள் நம்மை ஏன் இன்னும் தொடர்புகொள்ளவில்லை என்பது. 1950இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இயற்பியல் விஞ்ஞானி என்ரிக்கோ ஃபெர்மி எழுப்பிய கேள்வி இது. இத்தனை கோடி நட்சத்திரங்கள் இருக்கின்றனவே, எல்லாரும் எங்கே போனார்கள்? நான் மூன்று காரணங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தூரம், காலம், சத்தம்.

முதலில் தூரம். 1974 நவம்பர் 16 அன்று, போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து எம்13 என்ற நட்சத்திரக் கூட்டத்தை நோக்கி 1679 பிட் அளவில் ஒரு செய்தி அனுப்பினார்கள். அந்தக் கூட்டம் சுமார் 25,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஒளியாண்டு என்றால் ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்; ரேடியோ அலையும் அதே வேகத்தில்தான் போகும். யாராவது கேட்டு உடனே பதில் போட்டாலும், அது வந்து சேர மொத்தம் 50,000 ஆண்டுகள் ஆகும். செய்தியை அனுப்பிய தொலைநோக்கியோ 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. மனிதன் வானொலி ஒலிபரப்பத் தொடங்கி நூறு ஆண்டு சொச்சம்தான் ஆகிறது. நம் பால்வீதியின் அகலம் சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. 1000 ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஒருவர் இன்று நம்மைப் பார்த்தால், அவர் கண்ணில் படுவது ராஜேந்திர சோழன் காலத்துப் பூமி. அங்கே ரேடியோவும் கிடையாது, ராடாரும் கிடையாது. யாரைக் கூப்பிடுவார் அவர்?

காலம் பற்றி விரிவாகப் பேச ஆசை. நேரம் போய்க்கொண்டிருக்கிறது, அதனால் நேராகச் சத்தத்துக்கு வருகிறேன். என் பாட்டி வாய்க்கு வாய் சொல்லும் பழமொழி: நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும். இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை. ஒரு காலத்தில் நம் டிவி கோபுரங்கள் நாலா பக்கமும் அலைகளை அள்ளி வீசின. இப்போது நிகழ்ச்சிகள் கேபிளிலும் கண்ணாடி இழையிலும் போகின்றன, செயற்கைக்கோள் பூமியைப் பார்த்து அனுப்புகிறது. நாமே நூறு ஆண்டுக்குள் இந்த அளவுக்கு அடங்கிவிட்டோம். நம்மைவிடப் பல்லாயிரம் ஆண்டு மூத்த நாகரிகம் எவ்வளவு சிக்கனமாகப் பேசும்! நிறைகுடம் தளும்பாது. அவர்கள் ஊமையாக இல்லை, சிந்தாமல் பேசுகிறார்கள் என்பது என் நம்பிக்கை.

குறைகுடம் எப்படிக் கூத்தாடுகிறது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்று ஓர் ஊர். அங்கே 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. 1969இல் நிலவில் மனிதன் நடந்த காட்சியை வாங்கி உலகத்துக்குக் கொடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. 1998இலிருந்து அந்தத் தொலைநோக்கியில் அவ்வப்போது ஒரு விநோதமான துடிப்பு பதிவாகும். ஒரு நொடிகூட இருக்காது, வந்த வேகத்தில் போய்விடும். பார்த்தால், எங்கோ தொலைதூர விண்வெளியிலிருந்து வருகிற ரேடியோ வெடிப்பு மாதிரியே இருக்கும். ஆனால் தொலைநோக்கியின் 13 வாங்கிகளிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. அதனால் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று புரிந்துவிட்டது. எதிலிருந்து என்பதுதான் புரியவில்லை. மின்னலா? மேகமா? ஒரு விஷயம் மட்டும் கண்ணை உறுத்தியது. அந்தத் துடிப்பு பகலில், ஆட்கள் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தது.

2015இல் எமிலி பெட்ராஃப் என்ற ஆய்வு மாணவியும் அவருடைய குழுவும் விடாமல் துரத்தினார்கள். புதிதாக வைத்த கண்காணிப்புக் கருவி, துடிப்பு வரும் அதே நேரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஏதோ கசிகிறது என்று காட்டியது. அந்த அலைவரிசையில் ஓடுவது எது? மைக்ரோவேவ் அடுப்பு! சரி என்று அடுப்பை ஓடவிட்டுச் சோதித்தார்கள். ஒன்றும் வரவில்லை. அப்புறம் தோன்றியது: சாப்பாடு சூடாகி மணி அடிக்கும்வரை பொறுக்காமல், அடுப்பு ஓடும்போதே கதவைத் திறந்தால்? திறந்தார்கள். தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது துடிப்பு வந்தே விட்டது. பதினேழு ஆண்டு மர்மம், மணி அடிக்கும்வரை பொறுக்காத கையில் போய் முடிந்தது!

எவ்வளவு பெரிய பாடம் பாருங்கள். உலகத்தின் மிகக் கூர்மையான காதுகளில் ஒன்று அது. அதன் பக்கத்திலேயே நின்று நாம் சத்தம் போடுகிறோம். குறைகுடம் கூத்தாடும். இந்தக் கூத்துக்கு நடுவிலும் ஒரு தடவை வேறு ஏதோ கேட்டது. 1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் ஒஹாயோவில் 'பிக் இயர்' ரேடியோ தொலைநோக்கியில் 72 நொடிகள் பலமான ஓர் அலை பதிவானது. அச்சுத் தாளைப் பார்த்த வானியலாளர் ஜெர்ரி எமன், ஆச்சரியத்தில் ஓரத்தில் 'வாவ்' என்று எழுதினார். அது மறுபடி வரவே இல்லை. அதே ஆண்டு கிளம்பிய வாயேஜர் விண்கலங்களின் தங்க ஒலித்தட்டில் வேற்றுக்கிரகத்தாருக்கு 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது, தமிழ் இல்லை. எனக்கு அது இன்னும் ஆறாத வருத்தம்.

ரேடியோ சத்தத்தை நம்மால் குறைக்க முடியுமா என்றால், அது அரசாங்கங்கள் செய்ய வேண்டிய வேலை. ஆனால் வெளிச்சமும் ஒரு சத்தம்தான். அது நம் கையில் இருக்கிறது. வேற்றுக்கிரகத்தார் லேசர் ஒளியில் சைகை காட்டலாம் என்று 1961இலேயே விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள், அதைத் தேடியும் வருகிறார்கள். நம் பக்கத்திலேயே, ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். வியாழனின் கானிமீட் நிலவுக்குக் காற்றுமண்டலம் உண்டு என்பதற்கு 1972இல் தடயம் பிடித்த இடங்களில் அது ஒன்று. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இலிருந்து அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த மலைக்கு இருட்டுதான் மூலதனம். கீழே இருக்கும் நாம் வானத்தைப் பார்த்து விளக்குப் போடுகிறோம்.

உயர்கோபுர மின்விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒளி தரையில் விழட்டும் என்கிறேன். தெருவிளக்குக்கு மேலே மூடி போடுங்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும் எல்இடியை மாற்றி மஞ்சள் சாயல் உள்ளதைப் போடுங்கள். பதினொரு மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வெளிச்சத்தைக் குறையுங்கள். இரவில் வேலை முடித்து வரும் பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று தலைமையாசிரியர் அம்மா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மூடி போட்ட விளக்கு அதே மின்சாரத்தில் சாலைக்குக் கூடுதல் வெளிச்சம் தரும், கண்ணையும் கூசச் செய்யாது. கூசுகிற வெளிச்சத்தில்தான் நிழலுக்குள் நிற்பவன் தெரியமாட்டான். மின்கட்டணமும் குறையும். விளக்கைச் சுற்றிச் சுற்றியே செத்து விழும் விட்டில்கள் பிழைக்கும். சென்னைக் கடற்கரையில் பொரிந்து வரும் ஆமைக் குஞ்சுகள்கூட வெளிச்சத்தால் திசை மாறித்தான் கடலுக்குப் போகாமல் சாலைக்கு வருகின்றன.

இங்கே இருக்கும் பிள்ளைகளில் பால்வீதியைக் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். நான்கு கைகள். காவலூர் இருக்கும் மாவட்டத்தில் நான்கு கைகள்! வானத்தையே பார்க்காத பிள்ளை நாளைக்கு எதைத் தேடும்?

தலைவர் ஐயா, இதற்காகத்தான் உங்களை உட்கார வைத்தேன். வருகிற கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். முதலில் பேருந்து நிறுத்தத்து விளக்கு ஒன்றுக்கு மட்டும் மூடி போட்டுப் பார்ப்போம். அந்தச் செலவை வாசகர் வட்டம் ஏற்றுக்கொள்ளும், செயலாளர் தலையாட்டுகிறார். மனுவின் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ சாப்பிடப் போங்கள். பிள்ளைகள் மொட்டை மாடிக்கு வாருங்கள், தொலைநோக்கி தயாராக இருக்கிறது. நன்றி, வணக்கம்.